சம்பந்தியம்மா பார்த்த பச்சை மரம்

எல்லைத் தகராறில் சாட்சி சொல்ல வருகிறவர்களை நான் அவ்வளவாக நம்புவதில்லை. முப்பத்துநான்கு வருடம் சேலம் மாவட்டத்தில் நிலம் அளந்தவன் நான். "இந்த வேப்ப மரத்துக்கு நேராகத்தான் கல் இருந்தது, என் கண்ணால் பார்த்தேன்" என்று சத்தியம் செய்வார்கள். சங்கிலி பிடித்து அளந்தால் கல் பன்னிரண்டு அடி தள்ளிக் கள்ளிப் புதருக்குள் கிடக்கும். அவர்கள் பொய் சொல்லியிருக்க மாட்டார்கள். பார்த்ததற்கும் சொன்னதற்கும் நடுவே இருபது வருடம் ஓடியிருக்கும், அவ்வளவுதான். வானத்தில் ஒரு எரிகல் இறங்கியபோது, பார்த்ததைக் குழப்பிக்கொள்ள எனக்கு இருபது நிமிடம்கூடத் தேவைப்படவில்லை என்பதை எழுதத்தான் இப்போது உட்கார்ந்திருக்கிறேன்.

ஏற்காட்டில், லேடீஸ் சீட் பக்கத்துச் சரிவில், என் மகளைக் கட்டிக்கொடுத்த வீடு இருக்கிறது. சின்னக் காப்பித் தோட்டம், மிளகுக் கொடி ஏறிய சில்வர் ஓக் மரங்கள், வீட்டு முன்னால் காப்பிப் பழம் உலர்த்தும் சிமெண்டுக் களம். சில வருடங்களுக்கு முன்பு, கார்த்திகைத் தீபம் முடிந்த ஐந்தாவது நாள். மூன்று நாளாக அடைத்துக்கொண்டிருந்த மழையும் மூடுபனியும் அன்று பிற்பகல்தான் விலகியிருந்தன. நிலா எழ நேரம் இருந்தது. இரவுப் பனி இறங்குவதற்குள் காப்பிப் பழத்தை மூடிவிட வேண்டும் என்று நானும் சம்பந்தியம்மாவும் தார்ப்பாயை இழுத்துக்கொண்டிருந்தோம். சம்பந்தி உள்ளே தொலைக்காட்சியில் செய்தி கேட்டுக்கொண்டிருந்தார். தீபத்துக்குச் சுற்றியது போக மிச்சமிருந்த ஒரு மாவளிக்கு நெருப்பு வைக்கச் சொல்லிப் பேரன் என் வேட்டியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான். கீழே சேலத்து விளக்குகள் சிந்திக் கிடந்தன. அவற்றுக்கு அப்பால் கஞ்சமலை கறுப்பாகப் படுத்திருந்தது.

முதலில் தார்ப்பாய்தான் மாறியது. அது நீல நிறத் தார்ப்பாய். இருட்டில் அதற்கு நிறமே இல்லை. திடீரென்று அது நீலமானது. பகலில் எப்படித் தெரியுமோ அப்படி, மடிப்பு மடிப்பாக, நடுவிலிருந்த ஒட்டுத் துணிகூடத் தெரிந்தது. அதன் மேல் என் கை நிழல் மெதுவாக நகர்ந்தது. நான் கையை அசைக்கவே இல்லை. அப்போதுதான் தலையைத் தூக்கினேன். தென்மேற்கு வானத்தில் ஒரு வெளிச்ச உருண்டை சாய்வாக இறங்கிக்கொண்டிருந்தது. வாலும் தெரிந்தது. கடைசியில் இரண்டு மூன்று துண்டாகப் பிரிந்து, மாவளிப் பொறி அவிவது போல ஒவ்வொன்றாக அவிந்தது. சத்தம் எதுவும் கேட்கவில்லை. தெருமுனையில் ஒரு நாய் மட்டும் குரைத்தது.

"அண்ணா, அதைப் பார்க்காதீர்கள்! பச்சை மரத்தைப் பாருங்கள்!" என்று சம்பந்தியம்மா கத்தினார்.

நட்சத்திரம் விழுவதைப் பார்த்தால் ஞாபக மறதி வரும், உடனே ஒரு பச்சை மரத்தைப் பார்த்துவிட்டால் தோஷம் கழியும் என்று என் பாட்டியும் சொல்வார். நான் மரத்தைப் பார்க்கவில்லை. சட்டைப் பையில் கைபேசியைத் துழாவினேன். அது வெளியே வருவதற்குள் வானம் பழையபடி இருட்டாகிவிட்டது. இதுதான் என் முதல் தவறு. இப்படி ஒன்று வந்தால் கைபேசியை எடுக்காதீர்கள். நான்கைந்து வினாடிக்குள் எடுத்துத் திறந்து படம் பிடிப்பது யாருக்கும் நடவாத காரியம். அந்த நான்கைந்து வினாடியையும் பார்ப்பதற்கே செலவழியுங்கள்.

இரண்டாவது தவறு, நான் நின்ற இடத்தை விட்டு நகர்ந்தது. சம்பந்தியைக் கூப்பிட உள்ளே ஓடினேன். திரும்பி வந்து களத்தின் நடுவில் நின்று, "இதோ இங்கிருந்து, இப்படி" என்று கையை வீசிக் காட்டினேன். உண்மையில் நான் பார்த்தது அங்கிருந்து அல்ல. எங்கிருந்து என்று அப்போதே எனக்குச் சரியாகத் தெரியவில்லை.

அந்தக் கூத்து நடந்துகொண்டிருந்தபோதே பொள்ளாச்சியிலிருந்து மைத்துனன் கூப்பிட்டான். "மாமா, பார்த்தீர்களா? வீட்டுக்கு மேற்கே, தென்னந்தோப்புக்குப் பின்னால் விழுந்துவிட்டது."

"நீ ஒரு பக்கம். இங்கே கஞ்சமலைக்குப் பின்னால் விழுந்ததை நான் கண்ணால் பார்த்தேன்" என்றேன். என்ன சொல்கிறேன் என்பது எனக்கே உறைக்கவில்லை.

"இருங்கள் மாமா, என்னவோ இடிக்கிறது. குவாரியில் வெடி வைக்கிறார்கள் போலிருக்கிறது."

ராத்திரி ஏழேகாலுக்குக் குவாரியில் எவன் வெடி வைப்பான் என்று கேட்க நினைத்தேன். அதற்குள் பேரன் மாவளியைத் தானே பற்றவைத்துவிட்டான். அதைப் பிடுங்கப் போனதில் பேச்சு நின்றுவிட்டது.

அன்று இரவு சாப்பிடும்போது நான் சொன்ன கதை இதுதான்: பாதி வானத்திலிருந்து இறங்கியது, பதினைந்து வினாடி எரிந்தது, வெள்ளை நிறம், கஞ்சமலைக்கு நேர் பின்னால் விழுந்தது. இந்த நான்கில் ஒன்றுகூடச் சரியில்லை.

மறுநாள் காலையில்தான் எனக்குள் இருந்த சர்வேயர் விழித்துக்கொண்டார். களத்தில் நின்று யோசித்தபோது ஒன்று பிடிபட்டது. நான் அலைந்தேன். சம்பந்தியம்மா அலையவில்லை. தார்ப்பாயின் தென்மேற்கு மூலை காற்றில் பறக்காமலிருக்கச் செங்கல் வைக்கப்போனவர், கையில் செங்கலோடு அந்த மூலையிலேயே நின்றிருந்தார். எரிந்ததைப் பார்த்ததும் கண்ணை அப்படியே கீழே இறக்கிப் பச்சை மரத்தைப் பார்த்தார். எந்த மரம் என்று கேட்டேன். "மூன்றாவது சில்வர் ஓக். அதற்கு நேர் மேலேதான் அவிந்தது" என்றார். கொஞ்சமும் தயங்கவில்லை. என் பாட்டி சொன்ன பரிகாரத்தை விட்டுவிட்டுக் கைபேசியைத் துழாவியவனுக்குத்தான் ஞாபக மறதி வந்திருந்தது. அதைச் செய்தவரிடம் நின்ற மூலை என்ற எல்லைக்கல்லும், திசை பார்க்க மரம் என்ற நோக்குக் கம்பமும் பத்திரமாக இருந்தன. சம்பிரதாயத்தை நான் பெரிதாக மெச்சுகிறவன் இல்லை. ஆனாலும் இதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

மூலையிலிருந்து மரம் 15 மீட்டர். அந்த மூலையிலிருந்து ஒரே ஒரு எட்டு, முக்கால் மீட்டர், பக்கவாட்டில் தள்ளி நின்றால் மரத்தின் திசை ஏறத்தாழ 3 டிகிரி மாறிவிடும். களத்துக்குள் 3 டிகிரி ஒன்றுமில்லை. எரிகல் அவிந்த 220 கிலோமீட்டருக்கு அப்பால் (அந்தக் கணக்குப் பின்னால் வரும்) அது 11 கிலோமீட்டர். வானத்துச் சமாச்சாரத்தில் ஒரு எட்டு என்பது ஒரு தாலுகா. அதனால்தான் சொல்கிறேன், எரிகல்லைப் பார்த்ததும் கால் இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும். செருப்பைக் கழற்றி அங்கேயே விட்டுவிடுங்கள். செங்கல்லால் ஒரு கோடு போடுங்கள். அது தோன்றிய இடத்துக்கும் மறைந்த இடத்துக்கும் கீழே மரமோ, கம்பமோ, பக்கத்து வீட்டு மாடி விளிம்போ எது நேராக இருக்கிறது என்று பார்த்து வையுங்கள். அதற்குப் பிறகு யாரை வேண்டுமானாலும் கூப்பிடலாம்.

திசை பார்க்கக் கைபேசியிலுள்ள திசைகாட்டி போதும். ஆனால் இரும்புக் கேட், கார், கம்பி கட்டிய தூண் இவற்றுக்குப் பக்கத்தில் நின்று பார்த்தால் அது உளறும். எங்கள் கேட்டருகே ஒரு திசை காட்டியது, நான்கு அடி நகர்ந்தால் வேறொன்று காட்டியது. கடைசியில் கைபேசி வரைபடத்தில் செயற்கைக்கோள் படத்தைத் திறந்து, களத்தின் மூலையையும் மரத்தையும் குறித்துக் கோடு இழுத்தேன். வடக்கிலிருந்து வலமாக எண்ணினால் 235 டிகிரி. கஞ்சமலையின் உச்சிக்கு வலப்புறம் ஒரு முஷ்டி தள்ளி.

முஷ்டிக் கணக்கு தெரியாதவர்களுக்காக: கையை நன்றாக நீட்டி முஷ்டியை மடக்கினால் அதன் அகலம் ஏறத்தாழ 10 டிகிரி. சுண்டுவிரலின் அகலம் 1 டிகிரி. முழு நிலா அரை டிகிரிதான். நம்ப மாட்டீர்கள், அடுத்த பௌர்ணமியில் சுண்டுவிரலால் மறைத்துப் பாருங்கள். தொடுவானத்திலிருந்து முஷ்டி மேல் முஷ்டியாக அடுக்கிக்கொண்டே போனால் உச்சந்தலைக்கு ஒன்பது வர வேண்டும். எனக்கு ஒன்பதும் கொசுறும் வந்தது. சம்பந்தியம்மாவை அதே மூலையில் நிறுத்தி, தோன்றிய இடத்தையும் மறைந்த இடத்தையும் காட்டச் சொல்லி அளந்தேன். தோன்றியது இரண்டரை முஷ்டி. அவிந்தது 8 டிகிரி. நான் சொன்ன "பாதி வானம்" 45 டிகிரி! வானத்தில் உயரத்தைக் கண் எப்போதும் கூட்டித்தான் சொல்லும். மனசாட்சிக்கு விரோதமாக அல்ல, கண்ணின் பழக்கம் அது.

பதினைந்து வினாடி எப்படிப் போனது என்பது தனிக் கதை. கீழ் வீட்டு வாசலில் கண்காணிப்புக் கேமரா இருக்கிறது. வானம் அதில் விழவில்லை, சுவரும் ஒரு மின்கம்பமும்தான். ஆனால் அந்தச் சுவரில் மின்கம்பத்தின் நிழல் திடீரென்று முளைத்து, கடிகார முள் போலத் திரும்பி, மங்கியது. முழுக்க 5 வினாடி. வானமே தெரியாத படத்திலும் இவ்வளவு கிடைக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. ஒரு எச்சரிக்கை: அந்தக் கேமராவின் கடிகாரம் 11 நிமிடம் முந்தியிருந்தது. படத்தைப் பார்க்கும்போதே கைபேசி நேரத்தோடு ஒப்பிட்டு வித்தியாசத்தை எழுதி வையுங்கள். பதிவு சில நாளில் அழிந்து புதிது ஏறிவிடும், ஆறப்போடாதீர்கள். கேமரா எதுவும் இல்லையென்றால், எரிகல் போன வேகத்திலேயே கையை வானத்தில் ஒருமுறை இழுத்துக் காட்டுங்கள். வேறொருவர் கடிகாரத்தைப் பார்த்து வினாடி சொல்லட்டும். வெறுமனே நினைவிலிருந்து சொல்வதைவிட இது எவ்வளவோ மேல்.

நிறத்தைச் சரியாகச் சொன்னவன் பேரன். "முன்னால் பச்சை, வால் ஆரஞ்சு" என்று அன்றிரவே சொன்னான். பெரியவர்கள் எல்லோரும் சேர்ந்து வெள்ளை என்று அடக்கிவிட்டோம். மக்னீசியம், நிக்கல் போன்றவை எரியும்போது பச்சை தட்டும், சோடியம் மஞ்சள் ஆரஞ்சாக எரியும் என்று பிறகுதான் படித்தேன். குழந்தையைத் தனியாக விட்டு முதலில் கேட்க வேண்டும். கூட்டமாகப் பேசினால் நான்கு சாட்சி ஒரு சாட்சியாகிவிடும். கிராமத்து விசாரணைகளில் இதை நூறு முறை பார்த்தவன், என் வீட்டில் மறந்துவிட்டேன்.

இனி மைத்துனன். அவன் வீட்டுத் திண்ணை மேற்குப் பார்த்தது. தூணுக்கு நேராக, கிட்டத்தட்ட நேர் மேற்கே அவிந்ததாகச் சொன்னான். உயரம் மூன்றரை முஷ்டி. தமிழ்நாடு, கேரளம் இரண்டும் உள்ள ஒரு பள்ளிக்கூட வரைபடத்தைச் சாப்பாட்டு மேசையில் விரித்து, ஏற்காட்டிலிருந்து ஒரு கோடு, பொள்ளாச்சியிலிருந்து ஒரு கோடு இழுத்தேன். இரண்டும் சந்தித்த இடம் பாலக்காட்டுப் பக்கம். கஞ்சமலைக்குப் பின்னால் என்று நான் கூவியது, மாவட்டம் தாண்டி, மாநிலமும் தாண்டி, ஏற்காட்டிலிருந்து சுமார் 220 கிலோமீட்டர் தள்ளி நடந்திருக்கிறது. 8 டிகிரிக்குக் கணக்குப் போட்டால் உயரம் 31 கிலோமீட்டர். அவ்வளவு தூரத்துக்குப் பூமியின் வளைவு இன்னொரு 4 கிலோமீட்டர் கூட்டும். ஆக 35. இரண்டு சாட்சியின் கோட்டில் பத்து இருபது கிலோமீட்டர் பிசகு சாதாரணம். ஆனாலும், பென்ஷன் வாங்க ஆரம்பித்த பிறகு எனக்கு அவ்வளவு சந்தோஷம் கொடுத்த வரைபடம் வேறில்லை.

பொள்ளாச்சி இடியும் அப்போதுதான் கணக்கில் உட்கார்ந்தது. சத்தம் ஒரு கிலோமீட்டர் கடக்க ஏறத்தாழ 3 வினாடி. அவனுக்கும் அந்த இடத்துக்கும் சாய்வாக 60 கிலோமீட்டர், எனவே 3 நிமிடம். அவன் என்னைக் கூப்பிட்ட நேரம் கைபேசியில் பதிவாகியிருந்தது. எரிந்து இரண்டு நிமிடத்துக்குப் பிறகு கூப்பிட்டிருக்கிறான், பேசத் தொடங்கி ஒரு நிமிடம் ஆவதற்குள் "இடிக்கிறது" என்றிருக்கிறான். குவாரியின் மேல் பழி போட்டது வீண். ஆகவே எரிகல் பார்த்தால் ஐந்து, ஆறு நிமிடம் வாயை மூடிக்கொண்டு காதைத் திறந்து வையுங்கள். இடி கேட்டால் எத்தனை நிமிடம் கழித்து என்று குறியுங்கள்.

இதில் உயிர் பிழைக்கும் பாடமும் ஒன்று உண்டு. 2013 பிப்ரவரி 15 காலையில் ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் நகரத்துக்கு மேலே சுமார் 20 மீட்டர் குறுக்களவுள்ள கல் ஒன்று காற்றில் வெடித்தது. காயமடைந்தவர்கள் ஏறத்தாழ 1500 பேர். பெரும்பாலோருக்குக் கல் படவில்லை. பளீரென்ற வெளிச்சத்தைப் பார்த்து ஜன்னலுக்கு ஓடி, என்னவென்று எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஓரிரு நிமிடம் கழித்து அதிர்வலை வந்து கண்ணாடியை முகத்தில் அடித்தது. வெளிச்சம் கண்ணைக் கூசவைத்தால் கண்ணாடி ஜன்னலை விட்டு விலகுங்கள். எங்கள் சம்பந்தி அன்று தொலைக்காட்சியை விட்டு எழாமலே இருந்தார். வேறு காரணம்தான், ஆனால் முறை சரி.

மெதுவாக, விமானம் போல, அரை நிமிடத்துக்கு மேல் நகர்ந்து, வரிசையாகத் துண்டு துண்டாக எரிந்துகொண்டே போனால் அது கல்லாக இருக்க வாய்ப்பில்லை. ராக்கெட் அல்லது செயற்கைக்கோளின் மிச்சம். அவை வினாடிக்கு 8 கிலோமீட்டர் அளவில் வரும். எரிகல்லுக்குக் குறைந்தபட்சமே 11, அதிகபட்சம் 72. வெள்ளிக் கிரகத்தைவிட வெளிச்சமாக எரிந்தால் அதைத் தீக்கோளம் என்ற கணக்கில் சேர்க்கிறார்கள். இன்டர்நேஷனல் மீட்டியோர் ஆர்கனைசேஷன் என்ற அமைப்பு யார் வேண்டுமானாலும் நிரப்பக்கூடிய படிவம் ஒன்றை இணையத்தில் வைத்திருக்கிறது, கட்டணம் கிடையாது. எங்கே நின்றீர்கள், எத்தனை மணி, எந்தத் திசையில் தொடக்கம், எங்கே முடிவு, எவ்வளவு உயரம், எத்தனை வினாடி, நிறம், சத்தம், உடைந்ததா என்றுதான் கேட்கிறார்கள். சம்பந்தியம்மாவின் பெயரில் நிரப்பினேன். நான் பார்த்ததை நிரப்ப எனக்குத் தகுதியில்லை.

படிவத்தைப் பார்த்தபோது புறநானூற்றின் 229ஆம் பாட்டு நினைவுக்கு வந்தது. விண்மீன் ஒன்று விழக் கண்டு, சேரமானுக்கு என்ன ஆகுமோ என்று கூடலூர்கிழார் அஞ்சியதும், ஏழாம் நாள் அரசன் இறந்ததும் அதில் வருகிறது. எல்லோரும் சகுனத்தை மட்டும் எடுத்துப் பேசுவார்கள். எனக்கு அவர் எழுதிய முறைதான் பிடித்திருக்கிறது. பங்குனி மாதம் என்கிறார், நள்ளிரவு என்கிறார், எந்த விண்மீன் உச்சியிலிருந்து சாய்ந்தது, எது எழுந்தது என்கிறார், கிழக்குமில்லை வடக்குமில்லை என்று திசையையும் ஒதுக்கிக் காட்டுகிறார். எத்தனை வினாடி என்பதை மட்டும் விட்டுவிட்டார். மற்றபடி படிவம் பூர்த்தி.

ஒரு வாரம் கழித்துச் சேலத்தில் வீட்டுக்கு ஒரு பழைய சங்கிலியாள் வந்தார். என்னோடு வெயிலில் நடந்து தேய்ந்தவர். துண்டில் சுற்றி, கஞ்சமலை அடிவாரத்தில் பொறுக்கிய கறுப்புக் கல் ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். "ஐயா, உங்கள் எரிகல் இதுதான். காந்தம் ஒட்டுகிறது பாருங்கள்." ஒட்டியது. கனமும் இருந்தது. சேலத்துக்காரர்கள் ஏமாறும் இடம் இது: கஞ்சமலையே காந்தக்கல் இரும்புத் தாது நிறைந்த மலை. அங்கே காந்தம் ஒட்டாத கறுப்புக் கல்லைத் தேடுவதுதான் சிரமம். தரை ஓடு ஒன்றைத் திருப்பி, வழுவழுப்பு இல்லாத அடிப்பக்கத்தில் கல்லை அழுத்தித் தேய்த்தேன். கறுப்பாகக் கோடு விழுந்தது. தாது அப்படித்தான் எழுதும். விண்கல் பெரும்பாலும் கோடு போடாது. குமிழ் குமிழாக ஓட்டை இருந்தால் அது பழைய இரும்பு உலைக் கசடு. விண்கல்லின் மேல் தோல் மெல்லியதாக, உருகி உறைந்த கறுப்பாக இருக்கும், உடைந்த இடத்தில் உள்ளே வேறு நிறம் தெரியும். அப்படி ஒன்று நிஜமாகவே கிடைத்தால் கழுவாதீர்கள், உடைக்காதீர்கள், மஞ்சள் குங்குமம் பூசாதீர்கள். கிடந்த இடத்தோடு படம் எடுத்துவிட்டு வட்டாட்சியர் அலுவலகத்தில் சொல்லுங்கள். இந்தியாவில் விழும் விண்கற்களைப் பாதுகாப்பது இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை.

தீக்கோளம் கண்ணுக்கு அவிந்த இடம் கல் விழுந்த இடம் அல்ல என்பதையும் அவருக்குச் சொன்னேன். இருபது, முப்பது கிலோமீட்டர் உயரத்திலேயே வெளிச்சம் நின்றுவிடும். மிச்சம் ஏதாவது இருந்தால் இருட்டாக, யாருக்கும் தெரியாமல் விழும். "மலைக்குப் பின்னால்" என்ற கடைசித் துண்டை நம் கண்தான் வரைந்துகொள்கிறது. ஊருக்கு ஒரு மலை, மலைக்குப் பின்னால் ஒரு எரிகல். அவர் கேட்டுக்கொண்டார். டீ குடித்தார். கல்லைத் திரும்பத் துண்டில் சுற்றிக்கொண்டு, "எதற்கும் வீட்டில் இருக்கட்டும் ஐயா" என்று எடுத்துப்போனார்.

ஒவ்வொரு டிசம்பர் 13, 14 தேதிகளில் ஜெமினிட் எரிகற்கள் நிறைய வரும். மூடுபனி விட்டால், நள்ளிரவு வரை களத்தில் பாய் போட்டு நானும் பேரனும் படுத்திருப்போம். தென்மேற்கு மூலையில் சம்பந்தியம்மாவின் இரண்டு பாதத்தையும் வெள்ளைச் சுண்ணாம்பால் வரைந்து வைத்திருக்கிறேன். காப்பிப் பழம் பரப்பும்போது சம்பந்தி அந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டுப் பரப்புகிறார். ஒரு படி பழம் காய வேண்டிய இடம் வீணாகிறது என்று வருடாவருடம் முனகுகிறார். சுண்ணாம்பு மங்கினால் அவரே புதுப்பித்தும் விடுகிறார்.